மேனேஜருக்கு ஒரு ரோஸ்ட்

அத்தியாயம் 17

நாயைத் திட்டிக்கொண்டே போன வாரப் பக்கத்தை மூடிவைத்தவர்கள் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். கேட்கிற விதத்தில் கேட்டால் மேனேஜர் மன்னித்துவிடுவான். அவன் அப்படிப்பட்ட நாய்.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்த மூக்கு மாஸ்டரின் மணிக்கட்டில் அவன் பாய்ந்து கடித்தான். லைட்டர் எங்கேயோ போய் விழுந்தது. மாஸ்டர் இடது கையால் கரண்டியை எடுத்து அவன் முதுகில் இரண்டு போட்டார். தூக்கக் கலக்கத்தில் ஓடிவந்த மனைவி, “ஐயோ, வெறி புடிச்சிடுச்சு!” என்று அவனைப் பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். காலை நடை முடிந்து வெளியிலிருந்து வந்த மகள்தான் வாசலிலேயே நின்று கத்தினாள்.

“கேஸ்! யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!”

அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் பிளந்து கிடந்தது. லைட்டரை ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் இந்தத் தொடர் போன வாரமே முடிந்திருக்கும்.

மாஸ்டருக்கு நான்கு தையல், ஊசி, ஒரு வாரம் விடுப்பு. இன்று ஞாயிறு. நாளைக் காலை வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. மேனேஜருக்கு இன்று விருந்து.

“நாய்க்கு நன்றி உண்டுன்னு ஊரே சொல்லுது. நாய்க்கு நாம நன்றி சொல்றது எப்படின்னு எவனாவது சொல்லியிருக்கானா?” என்று வியாழக்கிழமை கேட்டவர் அவர்தான். பதிலும் அவரே சொன்னார். “எனக்குச் சமைக்கத்தான் தெரியும். முழுக்கோழி வாங்கி ரோஸ்ட் போட்டுடறேன்.”

அன்றே போய்க் கோழியும் வாங்கிவந்துவிட்டார்.

மேனேஜர் என்ற பெயர் எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்த வாசகர்கள் கேட்கலாம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கிற அந்த நாய், தினமும் வாசற்கதவருகே உட்கார்ந்து யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று கவனிப்பான். தாமதமாக வந்தால் ஒரு குரைப்பு. சொல்லாமல் லீவு போட்டால் இரண்டு. மற்றபடி தங்கமான சுபாவம்.

ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. அடி வாங்கிய இடம் அல்லவா? நிலைப்படிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, மூக்கு நுனியைக்கூட உள்ளே நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டால் வாலை ஆட்டினான். வரவில்லை. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் மாஸ்டருக்குத் தையல் போட்ட இடத்தைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது.

காலை ஒன்பது மணிக்கு மகள் ஒரு காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்கப்பா. உப்பு கூடாது. மிளகு கூடாது. வெங்காயம், பூண்டு கிட்டவே வரக் கூடாது, நாய்க்கு அது விஷம். பரிமாறும்போது ஒரு எலும்புகூட இருக்கக் கூடாது. வெந்த எலும்பு உடைஞ்சு தொண்டையில குத்தும்.”

“அப்போ மிச்சம் என்ன இருக்கு?”

“கோழி இருக்கு.”

“இது சமையலா, தண்டனையா?”

“அவனுக்கு இதுதான் விருந்து. நாய் டாக்டர்கிட்ட கேட்டு எழுதினது. கூட ஒரு கை கேரட், பீன்ஸ், பூசணி. எண்ணெய் லேசாத் தடவினா போதும்.”

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டிலும் அதே தோரணைதான்.

“ஓவனை எடுத்த எடுப்புல முழுச் சூட்டுல வைக்காதீங்க. கியர் மாதிரி ஒவ்வொண்ணா ஏத்துங்க.”

“இருபத்தெட்டு வருஷமா நானூறு பேருக்கு ஆக்கிப்போடறவன்டி நான். எனக்குக் கியர் சொல்லித் தர்றியா, பாப்பா?”

“நாய்க்கு ஆக்கிப்போட்டிருக்கீங்களா? இல்லைல்ல? அப்போ நீங்க புதுசுதான். எல் போர்டு மாட்டிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு இருபத்தாறு வயதுப் பாப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேனேஜர் நேரம் குறித்துக்கொண்டான்.

மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் தையல் கடைக்கு ஏற்கெனவே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் கூட்டம்.

வீட்டில் மாஸ்டரும் மேனேஜரும் மட்டும்.

மாஸ்டர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். கோழி இருந்த டப்பாவின் மூடியில் தையல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

அந்தக் குறியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறைத் தலைவர். உப்புப் போதுமா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. அண்டாவுக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுப்பார், “இன்னும் ஒரு பிடி” என்பார், சரியாக இருக்கும். காலையில் வண்டியில் வரும் மீனையும் கோழியையும் அவர் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் உள்ளே எடுப்பார்கள். மூக்கு மாஸ்டர் என்ற பட்டம் அப்படி வந்தது. சாப்பாட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர் கடைசியாக ஒரு சுற்று வந்து “போகலாம்” என்று சொன்ன பிறகுதான் ஒரு சக்கரம் உருளும்.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். சந்தேகமான பால், நேற்றைய குழம்பு, எதுவாக இருந்தாலும் மனைவி மூடியில் சாக்பீஸால் குறி போட்டு வைத்துவிடுவாள். ‘அவர் மூக்குக்கு’ என்று அர்த்தம். அவர் மோந்து பார்த்து, நல்லதென்றால் கட்டைவிரலால் குறியை அழிப்பார். கெட்டதென்றால் கொட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு யாரும் எதையும் மோந்து பார்த்ததே இல்லை. இருக்கிற ஒரு மூக்கே மூன்று பேருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த மூக்கு இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை.

ஒரு காய்ச்சல் வந்தது, ஐந்து நாளில் போனது. போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தார். பிறகு பயம் வந்தது. சொன்னால் மூக்கு மாஸ்டர் என்ற பெயரில் மூக்கும் போகும், மாஸ்டரும் போகும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்டாப் பக்கம் வருகிறவர்களையெல்லாம் பிடித்து, “எப்படி மணக்குது சொல்லு பார்ப்போம்” என்று பெருமையடிக்கிற மாதிரி கேட்டுக்கேட்டே நாளை ஓட்டினார். வீட்டில் குறி போட்ட டப்பா எதுவானாலும் கொட்டிவிட்டார். நல்ல பால், நல்ல குழம்பு, எல்லாம் போனது.

செவ்வாய்க்கிழமை கேஸ் வாடை ஏன் தெரியவில்லை என்று மகள் கேட்டபோது, “சளிம்மா” என்றார். தூங்கி எழுந்த மனைவிக்கே தெரியவில்லை என்பதால் அந்தப் பேச்சு அதோடு அமுங்கிப்போனது.

இப்போது கோழி. வெள்ளிக்கிழமை கேஸ் குழாய் மாற்ற வந்தவர் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்துவதற்காக பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார், திரும்பச் சொருக மறந்துவிட்டார். சனிக்கிழமை காலைதான் மனைவி கவனித்தாள். பாலைக் கொட்டினாள். கோழிக்கு மட்டும் குறி போட்டாள், சொல்லியும் வைத்தாள்.

“அதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. இப்பல்லாம் நீங்க எதைப் பார்த்தாலும் கொட்டறீங்க. உங்க மூக்கு வரவர மாமியார் மாதிரி ஆயிட்டு வருது.”

சும்மா கிண்டலுக்குச் சொன்னதுதான். ஆனால் மகள் அப்போது ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை மாஸ்டரின் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூடியைத் திறந்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார். குளிர்ந்த காற்றுதான் வந்தது. திரும்பவும் இழுத்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார், கொஞ்சம் வழுவழுப்பு. தண்ணீரில் கழுவினால் போய்விடுகிற வழுவழுப்பா, போகாததா என்று மூக்கில்லாமல் அவரால் சொல்ல முடியவில்லை.

நிலைப்படிக்கு வெளியே மேனேஜர் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

நாய்க்குத்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் வந்தது.

மாஸ்டர் கட்டைவிரலால் குறியை அழித்தார்.

*

சமையல் என்று ஆரம்பித்துவிட்டால் அந்த மனிதருக்குக் கவலை மறந்துவிடும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையாலேயே கோழியைக் கழுவித் துடைத்தார். கால் இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்ட முடியாமல் பல்லால் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார்.

“சிரிக்காதே. என் வலது கையை யார் இப்படிப் பண்ணினது?” என்று மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் வேறு பக்கம் பார்த்தான்.

“நல்லதுதான் பண்ணினே. நீ மட்டும் அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா இந்த வீட்டுல யாரும் இல்லடா. தையல்காரி இல்ல, பாப்பா இல்ல, நான் இல்ல. நானும் பதிலுக்கு உன்னைக் கரண்டியால அடிச்சேன் பாரு.” நாய் முன்னால் அழுவதில் ஒரு வசதி, அது யாரிடமும் போய்ச் சொல்லாது. அடக்காமல் கொஞ்சம் அழுதுவிட்டு, பூசணியைச் சதுரமாக நறுக்கினார்.

கேரட்டைச் சுண்டுவிரல் நீளத்துக்கு நறுக்கி, பீன்ஸை நாரெடுத்து எல்லாவற்றையும் கோழியைச் சுற்றி அடுக்கினார். பழக்கதோஷத்தில் கை உப்பு ஜாடிக்கு மூன்று முறை போனது. மூன்று முறையும் மகளின் காகிதத்தைப் பார்த்துத் திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மசாலா இல்லாத, உப்பு இல்லாத சமையலில் மூக்குக்கு என்ன வேலை? இரண்டு மாதத்தில் இன்றுதான் அவர் யாரையும் ஏமாற்றாமல் சமைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அழித்த குறி மட்டும் கட்டைவிரலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

ஒரு மணிக்கு மனைவி வந்தாள். மேனேஜரின் தலையைத் தடவிவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள். ஓவன் அருகே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

“உப்பு காரம் போடாம ரோஸ்ட் பண்ணினா இப்படித்தான் இருக்குமா?”

“எப்படி?”

“என்னமோ லேசாப் புளிச்ச மாதிரி…”

மாஸ்டர் சட்டென்று திரும்பினார். “புளிச்ச மாதிரியா?”

“எனக்கென்ன தெரியும், நீங்கதான் சொல்லணும். மோந்து பார்த்துட்டுத்தானே வச்சீங்க?”

அவள் பார்வை மேடைமேல் இருந்த டப்பா மூடிக்குப் போனது. குறி அழிந்திருந்தது. அவ்வளவுதான், அவளுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. கோர்ட் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. தன் மூக்கில் ஏறிய வாடையைவிட அழிந்துபோன சாக்பீஸ் கோட்டை அவள் நம்பினாள்.

“நாய்க்குப் பிடிச்ச வாசனை நமக்குப் பிடிக்கணும்னு சட்டமா என்ன?” என்று சொல்லிக்கொண்டே ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மாஸ்டர் ஓவன் கண்ணாடி வழியாகக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னிறமாக, படத்தில் வருகிற மாதிரி அழகாக வெந்துகொண்டிருந்தது. அழகைப் பார்த்து என்ன செய்ய?

இரண்டு மணிக்கு மகள் வந்தாள். “இன்னைக்கு ஒருத்தர் பிரேக்குன்னு நினைச்சு வைப்பரைப் போட்டுட்டாரும்மா,” என்று செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பித்துவிட்டது. மேனேஜருக்கு ஒரு புதுக் கழுத்துப்பட்டை வாங்கி வந்திருந்தாள், சிவப்பில். அதை மாட்டிக்கொண்டு அவன் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தால் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

கோழி ஆறியது. மாஸ்டர் மேல் தோலை நீக்கி, மார்புக் கறியை எலும்பில்லாமல் பிய்த்துப் பெரிய பீங்கான் தட்டில் வைத்தார். பக்கத்தில் கேரட், பீன்ஸ், பூசணி. விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற தட்டு அது. மனைவியேதான் அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

தட்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் மாஸ்டர் பிடிவாதமாக இருந்தார். சமையலறைக்குள், அடுப்புக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை அவனை அடித்த அதே இடத்தில்.

“அங்கேதான் அவன் திரும்ப வரணும்,” என்றார்.

வைத்தார். நகர்ந்து நின்றார்.

மேனேஜர் நிலைப்படியருகே எழுந்து நின்றான். மூக்கு துடித்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. ஒரு முன்னங்கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஐந்து நாளில் முதல்முறை. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதற்குமேல் அவன் வரவில்லை. மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பயந்து நிற்கவில்லை, ஒழுங்குக்காக நின்றான். குட்டியாக வந்த நாளிலிருந்து மாஸ்டர் சொல்லிப் பழக்கிய ஒழுங்கு. தட்டு வைத்த பிறகு அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே வார்த்தை. வீட்டுக்கு வருகிறவர்கள், “சாப்பிடச் சொல்லாம எங்கே போகச் சொல்றார்?” என்று சிரிப்பார்கள்.

“சொல்லுங்கப்பா,” என்றாள் மகள்.

மாஸ்டர் வாயைத் திறந்தார்.

மேனேஜரின் இரண்டு கண்ணும் அவர் மேல் இருந்தன. அதில் கரண்டியும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. இந்த மனிதர் சொன்னால் சரியாக இருக்கும், அவ்வளவுதான். நானூறு கட்டில்களில் படுத்திருக்கிறவர்கள் முகம் தெரியாத ஒருவரை நம்பிச் சாப்பிடுகிறார்களே, அதே நம்பிக்கை. நாளைக் காலையும் சாப்பாட்டு வண்டிகள் இப்படித்தான் வரிசையில் நிற்கும்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“என்னங்க? பாவம், ஒழுகி ஒழுகி நிக்கிறான்,” என்றாள் மனைவி.

மாஸ்டர் குனிந்து தட்டை எடுத்துவிட்டார்.

“எனக்குத் தெரியல,” என்றார்.

“என்ன தெரியல?”

“இது நல்லா இருக்கா, கெட்டுப்போச்சான்னு எனக்குத் தெரியல. வாசனை வரல. ரெண்டு மாசமா எனக்கு எந்த வாசனையும் வரல.”

மகள் பிடித்திருந்த அம்மாவின் கையை விட்டாள்.

“குறியை அழிச்சிருந்தீங்களே,” என்றாள் மனைவி. குரல் எழும்பவே இல்லை.

“மோந்து பார்த்துத்தான் அழிச்சேன். ஒண்ணும் தெரியாமலே அழிச்சேன்.”

மனைவி தட்டை அவர் கையிலிருந்து வாங்கி மேடையில் வைத்தாள். ஓவன் தட்டில் மீதியிருந்த கோழியின் தொடையை இடுப்பிலிருந்து பிரித்து, எலும்பருகே முகத்தைக் கொண்டுபோனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எதையும் மோந்து பார்ப்பது இதுதான் முதல்முறை. சட்டென்று பின்வாங்கினாள்.

“சீ! உள்ளே கெட்டுப்போயிருக்கு. நல்லாவே கெட்டுப்போயிருக்கு.”

மகள் முழுக்கோழியையும் தட்டிலிருந்ததையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி இறுக்கி முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“அப்போ செவ்வாய்க்கிழமை சளின்னு சொன்னது?”

“சளியே இல்லம்மா.”

“நீங்க கேஸுக்கு நடுவுல நின்னுக்கிட்டு…”

மனைவி முக்காலியில் உட்கார்ந்தாள். அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான்.

“என்கிட்ட சொல்ல என்ன? நான் என்ன ஊர்ல தம்பட்டம் அடிக்கப் போறேனா? ரெண்டு மாசம் நான் குறி போட, நீங்க மோந்து பார்க்கிற மாதிரி நடிக்க, நல்ல நாடகம்! நல்ல குழம்பையெல்லாம் கொட்டினீங்களே, மனுஷா!”

“பயந்துட்டேன். இந்த மூக்கு இல்லன்னா நான் யாரு?”

“யாரா? எங்க ரெண்டு பேருக்கும் இருக்கிற ஒரே ஆளு. வேற யாரு?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மூக்கு போனாப் போகட்டும். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே என் எதிர்ல, அதுக்கு நான் யாருக்கு நன்றி சொல்றதுன்னு அஞ்சு நாளாத் தெரியாம முழிச்சிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா வாசனை போச்சுன்னு கவலைப்படறீங்க.”

“சாப்பாட்டு வாசனையைப் பத்திக்கூட இல்லடி.” மாஸ்டர் தரையைப் பார்த்துப் பேசினார். “சாயங்காலம் நீ கடையிலேருந்து வரும்போது இஸ்திரி போட்ட துணி வாசனை ஒண்ணு உன்கூட வரும். அது வராம வீடு வீடாவே இல்ல.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்றோர் இப்படிப் பேசும்போது எங்கே பார்ப்பது என்று எந்த ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை.

“இன்னொண்ணும் சொல்லிடறேன்,” என்றார் மாஸ்டர். “குறியை அழிக்கும்போது ஒரு செகண்ட், நாய்க்குத்தானேன்னு தோணிச்சு. என்னைக் காப்பாத்தின உயிரைப் பத்தி அப்படித் தோணிச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்றினால் அவருக்குப் பிடித்திருக்காது.

அப்போதுதான் மூன்று பேரும் கவனித்தார்கள். மேனேஜர் இன்னும் அதே இடத்தில், ஒரு கால் உள்ளே, மூன்று கால் வெளியே என்று நின்றுகொண்டிருந்தான். தட்டு போய்விட்டது, கோழி போய்விட்டது, குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது, அவனிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தரையில் ஒரு சின்ன எச்சில் குளமே தேங்கியிருந்தது.

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு மனைவி. அழுகை பாதியும் சிரிப்பு பாதியுமாக, “இவனை இப்படியே நிக்கவச்சுட்டு நாம என்ன கதை பேசிட்டிருக்கோம்? போடி, போய் நல்ல கோழியா வாங்கிட்டு வா!” என்றாள்.

*

இரண்டாவது கோழியை மூன்று பேரும் சேர்ந்து சமைத்தார்கள்.

மகள் கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். மேனேஜர் அதற்கும் நேரம் பார்த்தான். மனைவி கோழியை இரண்டு கையாலும் தூக்கி, முன்னாலும் பின்னாலும் வயிற்றுக்குள்ளும் முகத்தைவைத்து மோந்து பார்த்தாள்.

“என்ன தெரியுது?” என்றார் மாஸ்டர் ஆவலாக.

“ஒண்ணும் தெரியல.”

“தண்ணி மாதிரி இருக்கா?”

“ஆமா. பச்சைத் தண்ணி மாதிரி.”

“அதுதான் நல்ல கோழி. வாடைன்னு ஒண்ணு வந்தாலே கெட்டதுதான். இத்தனை வருஷமா இதுதான் என் ரகசியம். இப்போ உனக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“இவ்வளவுதானா? இதுக்கா மூக்கு மாஸ்டர்னு பட்டம்?” என்றாள் மனைவி. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மகள் கால்களை நூலால் கட்டினாள். மாஸ்டர் சூட்டையும் நேரத்தையும் சொன்னார். ஓவனிலிருந்து வருகிற வாசனையை மனைவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். “இப்போ பூசணி இனிப்பா வருது… இப்போ தோல் வறுபடுது… ஏங்க, இது நிஜமாவே பிரமாதமா இருக்கு, நமக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம்!” மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசனை வரவில்லை. ஆனால் வாசனையைச் சொல்கிற ஆள் ஒருத்தி வீட்டிலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறாள், கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

மாலை நாலரை மணிக்குத் தட்டு மறுபடி அடுப்புக்கு முன்னால் போனது. எலும்பில்லாமல், உப்பில்லாமல், மிதமான சூட்டில்.

“நீ சொல்லு,” என்றார் மாஸ்டர் மனைவியிடம். “மோந்து பார்த்தது நீதானே.”

மனைவி குரலைச் செருமிக்கொண்டாள். “போகலாம்.”

மேனேஜர் அசையவில்லை.

“போகலாம்டா,” என்றாள் மகள்.

அவன் அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டரைத்தான் பார்த்தான்.

மாஸ்டர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை நீட்டினார். மேனேஜர் நிலைப்படியைத் தாண்டி, தட்டை ஒதுக்கிவிட்டு நேராக அந்தக் கையிடம் வந்து, கட்டை ஒருமுறை மோந்து பார்த்தான். பிறகு அவர் முழங்காலருகே உட்கார்ந்து தட்டைப் பார்த்தான்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

“போகலாம்,” என்றார் அவர்.

அதன்பிறகு பீங்கான் தட்டு சமையலறை முழுக்க ஊர்வலம் போனது. கோழி முதலில் தீர்ந்தது, பூசணி அடுத்து, கேரட் அதற்கடுத்து. பீன்ஸை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தான். மனைவி தட்டைக் கழுவ எடுத்தபோது அது ஏற்கெனவே கழுவின மாதிரி இருந்தது.

மேனேஜர் அடுப்புக்கு முன்னாலேயே, அடி வாங்கிய அதே இடத்தில், வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டான்.

மகள் அப்பாவின் செல்போனை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறை மேற்பார்வையாளரின் எண்ணை எடுத்து, அழைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். மனைவி வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

மாஸ்டர் எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“மாஸ்டர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். கை எப்படி இருக்கு? நீங்க இல்லாம இந்த வாரம் ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நாளைக்குக் கோழி சப்ளைக்குப் புது ஆளு வர்றாங்க. எங்க மாஸ்டர் மோந்து பார்த்துத் தலையாட்டினாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டேன். வந்துடுவீங்கல்ல?”

மாஸ்டரின் இடது கை மேனேஜரின் வயிற்றில் இருந்தது. அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“வந்துடறேன் மேடம். ஆனா நாளைக்கு நான் ‘போகலாம்’னு சொல்ல மாட்டேன்.”

“என்ன மாஸ்டர்? புரியல.”

“ஏன்னு சொல்றேன். கொஞ்சம் உட்காருங்க.”

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.